நாலாம் நம்பர் ஷூ

ஓசூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கணவர் ராஜேஷ்குமார் அவர்களுக்கு,

லாவண்யா எழுதுவது. நானும் ஜெயப்ரியாவும் நலம். உங்கள் நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும்தான். ஆனால் கோபமாக இருக்கிறேன், அதனால் அதை அப்புறம் பார்க்கலாம். போனில் வாயைத் திறந்தாலே மீட்டிங் என்கிறீர்கள். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று சரக்கு வந்து இறங்கியது. மறுபடியும் ஆறாம் நம்பர் சேஃப்டி ஷூவாகக் குவிந்து கிடக்கிறது. நாலும் ஐந்தும் ஒரு ஜோடிகூட இல்லை.

புனேயில் கம்பெனிக்குச் செய்து கொடுக்கிற வேலையையே நம் கடைக்கும் செய்தீர்கள். இதுவரை விற்றதைப் பார்த்து இனி என்ன விற்கும் என்று சிஸ்டமே சொல்லும், ஆர்டரையும் அதுவே போட்டுவிடும், நீ மண்டையை உடைத்துக்கொள்ளாதே என்றீர்கள். கையுறை, ஹெல்மெட்டெல்லாம் சரியாகத்தான் வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஷூவில்தான் கண்ணை மூடிக்கொள்கிறது.

இப்போது கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். இங்குள்ள ஃபேக்டரிகளில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி ஷூ தருவதில்லை, அவர்களேதான் வாங்கிக்கொள்ள வேண்டும். வந்து நாலாம் நம்பர் கேட்பார்கள். தமிழில் கேட்டால் தமிழில் இல்லை என்பேன், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில் இல்லை என்பேன். சிலர் திரும்பிப் போவார்கள். ஷூ இல்லாமல் ஃபேக்டரி கேட்டுக்குள் விட மாட்டார்களே, மற்றவர்கள் ஆறாம் நம்பரையே வாங்கி முன்னால் துணி திணித்துக்கொள்வார்கள். திரும்பிப் போனவர்கள் உங்கள் சிஸ்டத்தில் இல்லவே இல்லை. துணி திணித்தவர்களை அது ஆறாம் நம்பர் கால் என்று எழுதிக்கொள்கிறது. அதனால் இன்னும் ஆறே வாங்கு என்கிறது. ஆடி மாதத்திலிருந்து இதைச் சொல்கிறேன். டேட்டாவில் அப்படி எதுவும் இல்லையே லாவண்யா என்று சிரித்தீர்கள்.

சுகுணாவை உங்களுக்குத் தெரியாது. மத்தூர்ப் பக்கத்துப் பெண், கம்பெனி பஸ்ஸில் வருவாள். நம் கடையில் ஷூ வாங்கும்போதே, கழண்டு கழண்டு வருதுக்கா என்றாள். நான்தான் என் பழைய துப்பட்டாவைக் கிழித்து முன்னால் திணித்துக் கொடுத்தேன். வேலையை நிரந்தரம் பண்ணப் போகிறார்கள் என்று கடைக்கு வந்து சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனாள். போன வாரம் இரும்புப் படியில் இறங்கும்போது ஷூ கழன்று, உருண்டு விழுந்துவிட்டாள். கணுக்கால் உடைந்து கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கான்ட்ராக்டர் அவள் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அவள் அம்மா ஜோதியம்மாள் அந்த ஷூவை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார். புதுசாத்தான் இருக்குது, வேற யாருக்காச்சும் ஆகும், நீங்களே வச்சுக்குங்க என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம். பஸ்ஸில் வரும்போது பையைத் திறந்து பார்த்தேன், என் துப்பட்டாத் துணி உள்ளேயே இருந்தது. அழுதுவிட்டேன்.

நேற்று வந்த ஷூ பெட்டிகளை நான் பிரிக்கவில்லை. திருப்பி அனுப்பப் போகிறேன். ஆர்டர் போடும் பாஸ்வேர்டை எனக்கு அனுப்பி வையுங்கள். கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லிக்கொண்டு கடையில் நிற்பது நான்தான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். இருமல் இருந்ததே, டாக்டரிடம் காட்டினீர்களா?

போன வருஷம் தீபாவளிக்கு அப்பா வருவாரா என்று ஜெயப்ரியா தினமும் கேட்டாள். உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. இந்த வருஷம் அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதை வைத்துக்கொண்டு எங்களுக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
லாவண்யா