வாயைத் திறக்காத நாற்பது பேர்

திருநின்றவூர்,
1943, மாசி 9

சௌபாக்கியவதி தாட்சாயிணிக்கு,

உன் குளிர்சுரம் விட்டதா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நலமே.

ஆவடியில் ராணுவக் கட்டடங்கள் எழும்புவதால் எங்கள் செங்கல் சூளை ஒன்று மூன்றாகிவிட்டது. பத்துப் பேரை மேய்த்தவன் இப்போது நாற்பது பேருக்கு மேஸ்திரி. பொறுப்பேற்ற அன்றே, "வேலை நேரத்துல எவனும் வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

திங்களன்று அடுக்கிய கற்கள் சரிந்து என் காலில் விழுந்தன. பயப்படாதே, எலும்பு முறியவில்லை. என்னைத் தூக்கியவன் கல் அடுக்கும் வேம்புலி. அடுக்கு சாய்வதைக் காலையிலேயே பார்த்தானாம்.

"ஏண்டா முன்னாடியே சொல்லல?" என்று கத்தினேன்.

"நீதானே மேஸ்திரி வாயத் தொறக்காதேன்னு சொல்லிகீற" என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லாருக்குமே தெரிந்திருக்கிறது.

மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு, எதுவானாலும் சொல்லுங்கள் என்றேன். இன்னும் ஒருவரும் பேசவில்லை.

கட்டுப் போட என் பழைய வேட்டி ஒன்று அனுப்பு. நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் கொஞ்சம் வை.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. நான் புறப்பட்ட அன்று வாசலில் நீ ஏதோ சொல்ல வந்தாய். "சும்மா இரு" என்று அதட்டினேன். அது என்ன தாட்சாயிணி?

கோதண்டம்