கதவு திறக்காத செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லோர்னாவுக்கு,

உன் முழங்கால் இப்போது மடங்குகிறதா? மருத்துவர் சொன்ன பயிற்சியை விடாதே. நான் நலம். ஐடஹோ மலையில் இந்த முகாம் காவலர் வேலை எனக்குப் பழகிவிட்டது. நாம் தங்குவதற்கென்று வாங்கிய குட்டிக் கேம்பர் வண்டிதான் இன்னும் என்னோடு பழகவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை. வண்டி சாய்ந்து நின்றதால் அதன் மூலைக்கால்களைத் திருகி மட்டமாக்கினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், பிறகு அது திறக்கவே இல்லை. ஜன்னலில் என் தோள் நுழையவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்து வண்டி டோரீன் வந்தாள்.

"என்ன வாத்தியாரே, உங்களுக்கு நீங்களே தண்டனை குடுத்துக்கிட்டீங்களா? அந்தக் கால் வண்டி ஆடாம இருக்கத்தான், தூக்கறதுக்கு இல்ல! சக்கரத்துக்கு அடியில பலகை வைக்கணும்."

அவள் ஒரு காலைத் தளர்த்தியதும் கதவு திறந்துகொண்டது. மேசையின் ஒரு காலுக்கு அதிகமாக முட்டுக் கொடுத்தால் சட்டம் கோணி இழுப்பறை சிக்கிக்கொள்ளுமே, அதே கதைதான்.

கொட்டகையில் இருக்கும் இரண்டு பலகைகளை அனுப்பு. உன் நீலப் போர்வையையும் வை. குளிர் இல்லை, சும்மா இருக்கட்டும்.

தபால் வண்டி வந்துவிட்டது. கதவு இப்போது நன்றாகத் திறக்கிறது. வேலை முடியும் செப்டம்பர் வரை போகத்தான் இடமில்லை. முழங்கால் சரியானதும் வருவாய் அல்லவா? டோரீன் அன்று முதலில் கேட்டது வேறு: "லோர்னான்னா யாரு? உள்ள இருந்து அவங்களையே கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களே!"

உன்,
வெண்டல்