கப்பலேறிய காவடி

அக்கா,

மாடியில் குடியிருக்கும் புருஷனும் பெண்டாட்டியும் அடுத்த மாதம் கனடாவுக்குப் போகிறார்கள். காலையிலிருந்து அட்டைப்பெட்டி ஒட்டுகிறார்கள். பழுப்பு டேப்பைக் கர்ரென்று இழுக்கும் சத்தமும், புது அட்டையின் பசை வாசனையும் படிக்கட்டு வழியாக இறங்கி என் சமையலறை வரைக்கும் வந்துவிட்டன. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அந்தப் பெண்ணே வந்தாள். "ஆன்ட்டி, மூங்கில் முறம் எடுத்துகினு போலாமா? கஸ்டம்ஸ்ல விடுவாங்களா?" என்று கேட்டாள். நம் தெருவில் யார் வெளிநாடு போனாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம்தான் வருகிறார்கள். உன்னை அனுப்பி வைத்ததில் எனக்கு மிஞ்சிய பெருமை அது.

தெரிந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். வாசனை போகவில்லை. வயிறு எரிந்தது. நீ செத்த பிறகாவது இது தணியும் என்று நினைத்திருந்தேன். தணியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மையார்குப்பத்தில், நைனாவின் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் நாம் வளர்ந்தபோது எல்லாம் உனக்குத்தான் முதலில் வந்தது. தைத்த சட்டை, பூ, சைக்கிள், அப்புறம் கல்யாணம். நீ போட்டுக் கழித்தது எனக்கு. அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன். காவடியை மட்டும் மறக்க முடியவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு நைனா தூக்கிய காவடி. தேக்குத் தண்டு, மேலே வளைவு, இரண்டு முனையிலும் கற்றை கற்றையாக மயிலிறகு, தொங்குகிற சின்னப் பித்தளைச் செம்புகள். முழங்கால் வலியால் அவர் மலைப்படி ஏற முடியாமல் போன வருடம், திருத்தணியில் சரவணப் பொய்கைக் கரையில் நம் இருவரையும் நிற்க வைத்துப் பார்த்தார். ஈரப் பாவாடையோடு நான் ஓர் அடி முன்னால் போய் நின்றேன். அவர் உன்னைத்தான் பார்த்தார்.

"பெரியவ எடுத்துகட்டும். அவ தோள் அகலம். சின்னி பால் செம்பு எடுத்துகினு பின்னாடி வரட்டும்."

அதற்குப் பிறகு நம் இருவருக்கும் திருத்தணியிலேயே புருஷன் வீடு அமைந்தது. நீ அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆனாய். நான் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் என் வீட்டுக்காரரோடு ஜெராக்ஸ் கடை போட்டேன். எது மாறினாலும் ஆடிக் கிருத்திகை மாறவில்லை. காவடி உன் தோளில், செம்பு என் கையில். மலையேறும்போது நான் பார்த்ததெல்லாம் உன் குதிகால்தான். படியோரம் நிற்கிறவர்கள் உன் காலில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசிக் கும்பிடுவார்கள். செம்பு தூக்குகிறவள் காலை யார் கழுவப்போகிறார்கள்? தெறிக்கிற தண்ணீர்தான் எனக்கு.

உன் வீட்டுக்காரர் பாவா காலமான பிறகு உன் மகன் முரளி உன்னை மெல்போர்னுக்கே வந்துவிடச் சொன்னான். உன் விசா காகிதங்கள் எல்லாம் என் கடையில்தான் பிரின்ட் ஆயின. கப்பலில் போகும் சாமான்களின் பெயர்களை நான்தான் அடித்தேன். நீ பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாய். இட்லி குண்டான், கிரைண்டர், பாவாவின் ரேடியோ, கல்யாண ஜமுக்காளம். கடைசியில், "காவடின்னு போடு" என்றாய்.

என் விரல் நின்றது. "அது இன்னாத்துக்கு அங்க?"

"அங்கயும் முருகன் கோயில் கீதாம். முரளி சொன்னான்."

"மலை கீதா?"

"மலை இல்ல. கோயிலச் சுத்தி வரலாமாம்."

மலையே இல்லாத ஊருக்குக் காவடி எதற்கு? இங்கே மலையும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். இதை நான் கேட்கவில்லை. நீயாகவே சொல்வாய் என்று காத்திருந்தேன். 'சின்னி, இனிமே நீ தூக்கிகினு போ' என்று ஒரு வார்த்தை. நீ ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். காவடியை மரச் சாமான் என்று அடித்து முடித்தேன்.

சென்னையிலிருந்து பேக்கிங் ஆட்கள் வந்த அன்று நான் கடையைத் திறக்கவில்லை. அவர்களுடைய மேஸ்திரி ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். துடைப்பம் கூடாது, தானியம் கூடாது, ஊறுகாய் கூடாது என்று ஒதுக்கிக்கொண்டே வந்தவர், காவடியிடம் வந்து நின்றுவிட்டார்.

"இது மயில் எறகாம்மா?"

"ஆங்" என்றாய் நீ.

"இத வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாதுங்க. சட்டம் கீது. சென்னை துறைமுகத்துலயே நிறுத்திடுவாங்க. இது ஒண்ணுக்காக உங்க மொத்த சரக்கும் நின்னுபூடும்."

"நாங்க மயில அடிச்சா புடுங்கினோம்? அதுவா உதுத்ததுங்க."

"எனக்குத் தெரியுதும்மா. அவங்களுக்குத் தெரியணுமே."

"பட்டுப் பொடவைக்கு நடுவுல வெச்சுட்டா?"

"அம்மா, நான் இந்தத் தொழில்லதான் பொழைக்கிறேன். வேணாங்க."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நைனா சொல்லாததை, நீ சொல்லாததை, சட்டம் சொல்லிவிட்டது. காவடி திருத்தணியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது. எல்லோருக்கும் காபி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நீ தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, நைனா கட்டிய நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாய். இறகுகளை ஒவ்வொன்றாக உருவினாய். கசங்காமல் துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினாய்.

"இந்தா சின்னி, இது உனக்கு."

மொட்டைத் தண்டும் வளைவும் பெட்டிக்குள் போயின. டேப் கர்ரென்று ஓடியது. இறகு மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு, படியில் தெறித்த தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் உன் வீட்டில் நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். வயிறுதான் சரியில்லை.

நீ விமானத்தில் போய், சாமான்கள் பின்னால் கப்பலில் வந்து சேர்ந்தபோது எனக்கு போன் செய்தாய். அழுதுகொண்டிருந்தாய். அந்த ஊர் அதிகாரிகள் பெட்டியைப் பிரித்துப் பார்த்ததில் தண்டில் பொடிப் பொடியாகத் துளை இருந்ததாம். வண்டு அரித்த துளை. மருந்துப் புகை போட வேண்டும், இல்லையென்றால் இந்தியாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும், அதுவும் முடியாதென்றால் அழித்துவிடுவார்களாம்.

"முரளி அழிச்சிடச் சொல்லலாம்ன்றான் சின்னி. இங்கயே புதுசு செஞ்சுக்கலாமாம். நைனா தோள்ல இருந்த மரம்டி அது."

"திருப்பி அனுப்பச் சொல்லு" என்றேன். குரலில் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

"புகையே போடட்டும்" என்றாய்.

புகை போட்ட பிறகும் அந்த ஒரு பெட்டி மட்டும் வரவில்லை. காகிதத்தில் ஏதோ சிக்கல் என்றாய். எனக்குச் சுருக்கென்றது. காகிதம் அடித்தது நான் அல்லவா? "நான் அடிச்சதுல இன்னா தப்பு?" என்று சண்டைக்கு வந்தேன். "உன் பேப்பர்ல ஒண்ணுமில்ல. நான் ஒண்ணு சொல்லிட்டேன், அதான். விடு" என்றாய். என்ன சொன்னாய் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெட்டி ஒருநாள் வந்து சேர்ந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு முரளி போட்டோ அனுப்பினான். ஸ்வெட்டர் மேல் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு நீ நிற்கிறாய். மயிலிறகு இருந்த இடத்தில் அந்த ஊரின் மஞ்சள் பூங்கொத்துகள். காவடி அழகாகத்தான் இருந்தது. என் கண் அதில் நிற்கவில்லை. உனக்குப் பின்னால் ஒரு பெண், கையில் பால் செம்போடு. யாழ்ப்பாணத்துக்காரி, பெயர் வதனா, பக்கத்து வீடு, தங்கமானவள் என்று நீயே போனில் அடுக்கினாய். உன்னை அக்கா என்று கூப்பிடுகிறாள் என்றும் சொன்னாய். முன்னால் நடக்கத்தான் என்னை விடவில்லை. பின்னால் நடக்கிற என் இடத்தையுமா எடுத்துக் கொடுக்க வேண்டும்? அன்று, சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

போன தை மாதத்தில் நீ போய்விட்டாய். காலையில் காபி கலந்துகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாயாம். எனக்கு விசா வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனில்தான் பார்த்தேன். உனக்குக் கடைசியாகச் சேலை கட்டியவள் வதனா. மடிப்பு சரியாக விழுந்திருந்தது. அதற்காகவும் அவள்மேல் கோபம் வந்தது.

சித்திரையில் முரளி கூப்பிட்டான். தயங்கித் தயங்கிப் பேசினான்.

"சித்தி, இந்த ஆடிக்கு வதனா ஆன்ட்டி அம்மா காவடியத் தூக்கட்டுமான்னு கேக்கறாங்க. உங்களக் கேக்காம நான் சொல்ல முடியாது. உங்களுதுதான அது."

"எனுதுன்னு யார்ரா சொன்னது?"

"அம்மாதான். கஸ்டம்ஸ்லயே சொன்னாங்க. பொருள் எல்லாம் உங்களுதான்னு ஒரு ஆபீசரம்மா கேட்டாங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. அம்மா காவடியக் காட்டி, 'இது மட்டும் என் தங்கச்சிது'ன்னுட்டாங்க. வேற ஆளு பொருள்னா அதுக்கு வேற வழியாம். அதான் அந்தப் பெட்டி நின்னுபோச்சு. நான் கத்தினேன் சித்தி. 'தோள் அகலம்னுதான் நைனா என் கையில குடுத்தாரு. ஆசப்பட்டவ அவதான்டா'ன்னாங்க."

அப்படியென்றால் உனக்குத் தெரியும். பொய்கைக் கரையில் நான் முன்னால் வந்து நின்றதை நீ பார்த்திருக்கிறாய். தெரிந்தும் இத்தனை வருடம் தூக்கினாய். தெரிந்தும் கப்பலேற்றினாய். உருகுவதற்குப் பதிலாக எனக்குக் கோபம்தான் பொங்கியது.

"தெரிஞ்சும் ஏன்டா எடுத்துகினு போனா?"

முரளி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "நானும் கேட்டேன் சித்தி. 'அத அங்க உட்டுட்டு வந்தா, அடுத்த ஆடிக்கே சின்னி ஜோரா தூக்கிகினு ஏறிடுவா. பின்னாடி வேற எவளாவது செம்பு எடுத்துகினு போவா. அத நெனச்சாலே எனக்கு ஆவல'ன்னாங்க."

போனை வைத்த பிறகு வெகுநேரம் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை அப்புறம் வரச் சொன்னேன். நீயும் பொறாமைக்காரிதான். தோள் அகலமான, எல்லாம் முதலில் கிடைத்த நீ, என் பின்னால் வரப்போகிற, இன்னும் யாரென்றே தெரியாத எவளோ ஒருத்தியை நினைத்து வயிறெரிந்திருக்கிறாய். உன்னிடமிருந்து எனக்கு வந்தவற்றில் நீ போட்டுக் கழிக்காத பொருள் இந்த வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.

மறுநாள் முரளியைக் கூப்பிட்டேன். "தூக்கட்டும்" என்றேன். "திருப்பி அனுப்பணும்னா அனுப்பறேன் சித்தி, பரவாயில்ல" என்றான். வேண்டாம் என்றேன். தண்டு வந்துவிடும், முன்னால் உன் குதிகால் வராதே. "ஆனா ஒண்ணு. அவங்க உங்கம்மாவ அக்கான்னு சொல்லக் கூடாது. பேரச் சொல்லட்டும்." அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வதனாவே ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். நல்ல குரல், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பூவை எப்படிக் கட்டுவது, எந்தத் தோளில் வைத்து எந்தத் தோளுக்கு மாற்றுவது என்று பயபக்தியோடு கேட்டாள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில் கேட்டாள்:

"உங்கட அக்கா காவடி எடுக்கேக்க வாய்க்குள்ள ஏதோ சொல்லிக்கொண்டே போவா. எனக்கு ஒண்டும் விளங்கிறேல்ல. என்ன மந்திரம் அது?"

மந்திரம்! அக்கா, படி செங்குத்தாகும் இடத்தில் நீ மூச்சு வாங்கிக்கொண்டு முருகனைத் திட்டுவாயே. "ஏன்டா, கீழ எடமே கெடைக்கலயா உனக்கு? இவ்ளோ உசரத்துல போயி குந்திகினு கீறியே, நாயமா இது?" சுற்றிலும் அரோகரா முழங்கும். நீ திட்டுவது பின்னால் வருகிற எனக்கு மட்டும்தான் கேட்கும். செம்புப் பால் சிந்தச் சிந்த நான் சிரிப்பேன். நீ திரும்ப முடியாது, காவடி தடுக்கும். அதனால் முன்னால் பார்த்தபடியே கேட்பாய்: "சிரிக்காதடி. வர்றியா, இல்லியா?"

"ஆங், வர்றேன்" என்பேன்.

"அரோகராதாங்க சொல்லுவா. வேற ஒண்ணுமில்ல" என்று வதனாவிடம் சொல்லிவிட்டேன். தண்டை வைத்துக்கொள்ளட்டும், பால் செம்பையும் வைத்துக்கொள்ளட்டும். இதை அவளுக்குத் தர மாட்டேன், அக்கா. யாருக்குமே தர மாட்டேன்.