வெட்டுவதற்கும் இல்லாத பெயர்

அன்புள்ள ஹமீதா ராத்தா,

நேற்றுக் காலை கிராம சேவகர் வந்திருந்தார். புதிய வாக்காளர் இடாப்புக்கான படிவத்தைத் தந்துவிட்டு, போன வருடத்துப் பட்டியலை விரித்தபடி வாசல் படலையடியில் நின்று கேட்டார்: "பின்னறையில இருந்த தையல்கார அம்மா மோசம் போயிட்டாவாம், என்ன ரீச்சர்? அவவின்ர பேரை வெட்டவேணும்." ஓம், காலமாகிவிட்டா என்றேன். சிவப்புப் பேனையால் எங்கள் வீட்டு இலக்கத்தைத் தேடிப் பிடித்தார். மேலும் கீழும் பார்த்தார். "இதில உங்கட பேர் மட்டும்தானே கிடக்கு. அவவின்ர பேர் இல்லையே" என்றார்.

வெட்டுவதற்குக்கூட உங்கள் பெயர் இல்லை, ராத்தா. அவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நான் படலையைப் பிடித்தபடி கனநேரம் நின்றேன்.

இதை எழுதி மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடலாம். அது எனக்குக் கைவந்த வேலை. அதனால்தான், எங்கள் வீதி ஆட்களும் என்னிடம் படித்த பிள்ளைகளும் வாசிக்கும்படியாக எழுதுகிறேன். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோப்பூரில் உங்களுக்கு ஒரு வீடு இருந்தது. மகளின் கலியாணத்தோடு, உங்கள் ஊர் வழக்கப்படி, அதை அவளுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். அவளும் மாப்பிள்ளையும் அதை விற்றுவிட்டுப் புத்தளத்துக்குப் போனார்கள். கூட வரச்சொல்லிக் கேட்டும் நீங்கள் போகவில்லை. ஒரு தையல் மெசினையும் இரண்டு பெட்டிகளையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, திருகோணமலை நகரத்தில், உட்துறைமுகத்துக்குப் போகிற வீதியில் உள்ள என் வீட்டின் பின்னறைகளுக்கு வாடகைக்கு வந்தீர்கள். நான் ஒற்றைக்கட்டை. கனடாவில் தம்பி ஒருவன். வீட்டு உறுதிப் பத்திரம் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது.

முதல் மாதம் நீங்கள் என்னை ரீச்சர் என்றீர்கள். நோன்பு மாதத்தில் கஞ்சிக் கோப்பையை நீட்டியபோது, "இந்தாங்க தங்கச்சி, சூடு ஆறமுதல் குடிங்க" என்றீர்கள். எனக்கு அப்போதே ஐம்பது கடந்துவிட்டது. என்னைத் தங்கச்சி என்று கூப்பிட யாரும் இல்லாமல் போய் எத்தனையோ காலம். நானும் உங்களை, உங்கள் ஆட்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல், ராத்தா என்றேன். அந்தக் கஞ்சியை நான் குசினிக்குள் கொண்டுபோய் அழுதுகொண்டு குடித்தது உங்களுக்குத் தெரியாது.

சனிக்கிழமைகளில் விறாந்தையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் குடியியற் கல்வி படிப்பிப்பேன். பின்னால் உங்கள் மெசின் ஓடும். உரிமைகளும் கடமைகளும் என்ற பாடம் வந்தால் மட்டும் மெசின் நிற்கும். ஒருநாள் பிள்ளைகள் போனபிறகு கேட்டீர்கள். "தங்கச்சி, உரிமை ஒரு பக்கம், கடமை ஒரு பக்கம் எண்டு கோடு கீறி எழுதிக் குடுக்கிறீங்க. ரெண்டும் ஒராளுக்கிட்டயா இரிக்கும்?" நான் சிரித்துக்கொண்டு, சோதனையில் அப்படித்தான் கேட்பார்கள் என்றேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

நீங்கள் வந்த முதல் வருடம் இதே படிவம் வந்தது. வீட்டுக்குப் பொறுப்பானவர், தன் கூரையின்கீழ் இருக்கும் வாக்குரிமையுள்ள எல்லோருடைய பெயரையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நீங்கள் அடையாள அட்டையின் பிரதியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். "தோப்பூரில என்ட பேர வெட்டிட்டாங்க. இஞ்ச போட்டுவிடுங்க. நான் ஒரு எலக்சனும் விட்டதில்ல. வீதியில இந்தத் தண்ணி ஓடுற கானுக்கும் ஒரு வழி பண்ணணும், மழைக்கு என்ட மெசின் காலடிக்குத் தண்ணி வருது." ஓம் ராத்தா என்றேன்.

அன்று பின்னேரமே தம்பி தொலைபேசி எடுத்தான். பேச்சுவாக்கில் சொன்னேன். அவன் பதறிவிட்டான். "அக்கா, விசர் வேலை பாக்காதையுங்கோ. பேர் லிஸ்ற்றில ஏறினா வீட்டில உரித்து வந்திடும். பிறகு அவவை வீட்டை விட்டு எழுப்பேலாது. இருக்க இடம் குடுத்தா படுக்கப் பாய் கேக்கிற காலம். சல்லிக் காணியை மறந்திட்டியளோ?"

மறக்கவில்லை. சண்டைக்கு இடம்பெயர்ந்து ஓடித் திரும்பி வந்தபோது சல்லிக் கிராமத்தில் எங்கள் வேலிக்குள் வேறு ஆட்கள் அடுப்பு மூட்டியிருந்தார்கள். அப்பா வழக்குக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைந்தே மோசம் போனவர். அந்தப் பயம் எங்கள் இரண்டு பேருக்கும் எலும்பில் ஊறியது. ஆனால், ராத்தா, அதை ஒரு சாட்டாகச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. சல்லியில் வந்து இருந்தவர்கள் வேறு, மாதம் தவறாமல் வாடகையும் தந்து, என் காய்ச்சலுக்குக் கொத்தமல்லியும் அவித்துத் தந்த நீங்கள் வேறு. அந்த வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

என் வீடு, என் உறுதி, என் உரிமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிவத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன். வெற்று வரிகளில் பிறகு வேறு யாரும் எதையும் எழுதிவிடாதபடி மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கோடு போட்டேன். புள்ளிப் பதிவேட்டில் போட்டுப் பழகிய கை. நேர்த்தியான கோடு. இங்கு வசிக்கும் எல்லோரையும் எழுதியிருக்கிறேன் என்ற வாசகத்தின் கீழே கையொப்பமும் வைத்தேன். உங்கள் அடையாள அட்டைப் பிரதியை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். கிழித்துப் போடவும் மனம் வரவில்லை.

"குடுத்தாச்சா தங்கச்சி?" என்று கேட்டீர்கள். "குடுத்திட்டன் ராத்தா" என்றேன். இரண்டாம் வருடமும் புதுப் பிரதி கொண்டுவந்தீர்கள். மூன்றாம் வருடமும் கொண்டுவந்தீர்கள். ஏன் இன்னும் பெயர் வரவில்லை என்று கேட்டதற்கு, அரசாங்கக் கந்தோர் வேலைகள் அப்படித்தான், வரும் என்றேன். இடாப்பைப் பார்வைக்கு வைக்கும் நாளில் நீங்கள் போய்ப் பார்த்திருக்கலாம். ரீச்சர் எழுதிக் கொடுத்ததைப் போய்ச் சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தீர்களாக்கும்.

படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோயில் என்பார்கள். எனக்கென்றே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

பிறகு உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. எனக்குத் தேர்தல் கடமை. என் வாக்கைத் தபாலில் முன்னரே, மின்விசிறிக்குக் கீழே ஆறுதலாக இருந்து போட்டுவிட்டேன். வாக்களிப்புக்கு முதல்நாள் பெட்டிகளோடு மூதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இடாப்பைப் பார்த்துப் பெயரையும் இலக்கத்தையும் சத்தமாக வாசிப்பது என் வேலை. விடிந்ததிலிருந்து பின்னேரம் வரை ஊராரின் பெயர்களையெல்லாம் பிழையில்லாமல் வாசித்தேன். தலைமை தாங்கிய அலுவலர் என் உச்சரிப்பைப் பாராட்டினார்.

அதே காலையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை முன்வீட்டுச் சாந்திதான் பிறகு சொன்னாள். வாக்காளர் அட்டை வராவிட்டாலும் பெயர் இருந்தால் அடையாள அட்டை போதும் என்று கேள்விப்பட்டு, பெருநாளுக்கு உடுத்த உடுப்போடு முதல் ஆளாக வரிசையில் நின்றீர்களாம். அலுவலர் புரட்டிப் பார்த்து, பேர் இல்லையே அம்மா என்றாராம். நீங்கள் சிரித்தீர்களாம். "எங்கட ரீச்சர் எழுதிக் குடுத்தவ. பிழை வராது. நல்லாப் பாருங்க மகன்." அவர் திரும்பவும் பார்த்தாராம். வேறு வீதிகளின் பக்கங்களையும் உங்களுக்காகப் புரட்டினாராம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகுதான் விலகினீர்களாம். உடனே வீட்டுக்கு வராமல் அங்கேயே மாமரத்தடி வாங்கில் மத்தியானம் வரை இருந்தீர்களாம், ராத்தா. யாரைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்?

அடுத்த நாள் காலை நான் வந்து சேர்ந்தபோது தேத்தண்ணியோடு வந்தீர்கள். நான் உங்கள் இடது கைச் சின்ன விரலைத்தான் பார்த்தேன். ஊசி குத்திய தழும்புகள் இருந்தன, மை இல்லை. "பேர் வரல்ல போல" என்றீர்கள். "கந்தோரில பிழை விட்டிருப்பாங்கள்" என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓம், கந்தோர்ப் பிழையாத்தான் இரிக்கும்" என்றீர்கள்.

அந்த மாதக் கடைசியில் எனக்கு டெங்குக் காய்ச்சல். பத்து நாள் என்னைப் பார்த்தது நீங்கள்தான். என் சேலைகளைத் தோய்த்து, அயன் பண்ணி, அலுமாரியில் அடுக்கினீர்கள். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தபோது மூன்று பிளாஸ்ரிக் உறைகளும் சேலைகளுக்கு அடியில் இருந்தன. நான் ஒவ்வொரு பக்கமாகச் செருகியிருந்தவை இப்போது ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் பிசகாமல் இருந்தன. துணி மடிக்கிற உங்கள் கைதான் அப்படி வைக்கும். அன்றிலிருந்து நீங்கள் என்னைத் திரும்பவும் ரீச்சர் என்றீர்கள்.

கோபத்தோடு இல்லை. கஞ்சி வந்தது, சட்டைக்கு அளவு எடுத்தீர்கள், நகரத்து வீதிகளில் திரியும் மான்கள் வந்து என் மல்லிகையை மேய்ந்தபோது ஓடிவந்து கலைத்தீர்கள். அந்த ஒரு சொல்தான் இல்லை. அந்த வருடப் படிவம் வந்தபோது நீங்கள் பிரதி கொண்டுவரவில்லை, கேட்கவும் இல்லை. எழுதியிருக்கலாம். மூன்று பிரதிகள் கையில் இருந்தன. நான் எழுதவில்லை. அதுகூடப் பரவாயில்லை, நீங்கள் கேட்காததில் எனக்கு ஒரு ஆறுதல் வந்தது பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது கண்ணாடி பார்க்க ஏலாமல் இருக்கிறது.

பிறகு நீங்கள் ஒரு காலைத் தொழுகைக்குப் பிறகு எழும்பவில்லை. நெஞ்சு நோ என்றார்கள். மகள் வந்து, தோப்பூரில் அடக்கம் செய்தார்கள். இறப்பைப் பதிய, நீங்கள் இங்கே இருந்ததற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும் என்றார்கள். எந்த இடாப்பிலும் நீங்கள் இல்லை. வீட்டுக்காரி ஒரு கடிதம் தந்தால் போதும் என்றார்கள்.

எழுதினேன். "இவர் எனது வீட்டில் ஐந்து வருடங்களாக நிரந்தரமாக வசித்து வந்தவர் என்பதை உறுதிப்படுத்துகிறேன்." எழுத ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. தம்பியையும் கேட்கவில்லை. மௌத்தான ஆள் வீடு கேட்க வரமாட்டார் அல்லவா. நீங்கள் உயிரோடு இருந்தபோது எழுதப் பயந்த அதே வசனம்.

அப்போதுதான் உங்கள் கேள்வி எனக்கு விளங்கியது. இரண்டும் ஒரே ஆளிடம் இல்லை, ராத்தா. உங்கள் உரிமை என் கடமைக்குள் இருந்தது. நான் அதைச் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

இங்கத்தைய புதினம் சொல்கிறேன். நீங்கள் சொன்ன கானுக்குக் கல் கொண்டுவந்து பறித்திருக்கிறார்கள், வேலையும் தொடங்கிவிட்டது. பின்னறைகளில் இப்போது நிலாவெளியிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். நேற்றுக் கிராம சேவகர் போன கையோடு அவர்களைக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் எழுதினேன். தம்பியிடம் எழுதிய பிறகுதான் சொன்னேன். "உங்கட விருப்பம்" என்று வைத்துவிட்டான்.

பின்னேரம் புத்தளத்துக்கு எடுத்து உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கந்தோர்ப் பிழை இல்லை பிள்ளை, நான்தான் எழுதவில்லை என்றேன். அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் சொன்னாள்: "உம்மா சொன்னவ, ரீச்சர். நான் வந்து கேக்கப் போறன் எண்டதுக்கு விடல்ல. ரீச்சருக்கு வீட்டுப் பயம், பாவம், அவவ ஒண்டும் கேக்காத எண்டு சொன்னவ."

என் பயத்துக்கும் நீங்கள்தான் இடம் கொடுத்திருக்கிறீர்கள்.

வருகிற வருடம் எனக்கு ஓய்வு. இனித் தேர்தல் கடமை இல்லை, தபால் வாக்கும் இல்லை. நீங்கள் நின்ற வரிசையில் நானும் நிற்பேன். இடாப்பு பார்வைக்கு வைக்கிற நாட்களில், இந்த வீதியில் வாடகைக்கு இருக்கிற ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெயரைக் காட்டுவேன். இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் படலையில் போய் நிற்பேன். என்ன சாட்டுச் சொல்வார்கள் என்று எனக்கு எல்லாம் தெரியும். இதை உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்.

கடைசியில் கையொப்பமிட வந்து நிற்கிறேன். தங்கச்சி என்று போட ஆசை. ஆனால் அது நானே எழுதிக்கொள்ளக்கூடிய பெயர் இல்லை, நீங்கள்தான் எழுதித் தரவேண்டும். அந்த வரியில் நான் கோடு போடவில்லை, ராத்தா. வெறுமையாக விட்டிருக்கிறேன்.

ஒருகாலம் உங்களுக்குத் தங்கச்சியாக இருந்த,
ரீச்சர்