பன்றிக்குக் கட்டிய கம்பி

என் செல்லக் கஜனி,

உன் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதச் சொல்லி உன் அம்மா கேட்டார். உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதத்தான் நினைத்தேன். வரவில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எல்லாரும் வாசிக்கட்டும். என் மாமாவும் வாசிக்கட்டும்.

நீ வாய்க்காலில் விழுந்து செத்தாய் என்றுதான் வட்டக்கச்சியில் கதை. முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். மயக்கம் வந்து விழுந்திருப்பாள், சாப்பிடாமல் திரிகிற பிள்ளை என்றார் மாமா. நீயா சாப்பிடாமல் திரிந்தாய்?

அன்று பின்னேரம் நீ எங்கள் வீட்டில் இருந்தாய். பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை மடித்துத் தரச் சொல்லி வந்தவள், என் தையலைப் பழித்துவிட்டு, அதையே போட்டுப் பார்த்துவிட்டுப் போனாய். மாமாவின் வயல் வரம்பால் குறுக்கே போனாய். நீ எப்போதும் போகிற வழி.

கதிர் முற்றினால் எங்கள் பக்கம் பன்றி இறங்கும். வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து, வீட்டுக் கரண்டை அதில் கொழுவி விடுவார்கள். அது சட்டப்படி குற்றம் என்று தெரிந்துகொண்டே எல்லாரும் செய்கிறார்கள். எங்களுக்குள் ஒரு முறை மட்டும் இருக்கிறது. கரண்ட் கொடுக்க முதல் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மாமாவுக்கு நெளுக்குளத்தில் ஒரு கலியாண வீடு. போகிற அவசரத்தில், இருட்ட முதலே கொடுத்துவிட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டிலிருந்துதான் கரண்ட் வருகிறது. நீ போய்க் கொஞ்ச நேரத்தில் எங்கள் பல்ப் மங்கி மங்கி எரிந்தது. கம்பியில் ஏதாவது பட்டால் அப்படித்தான். அம்மா குசினியிலிருந்து சொன்னார்:

"அண்ணையின்ர கம்பியில பண்டி பட்டுட்டுது போல. நாளைக்கு இறைச்சிதான்."

நான் சிரித்தேன். நீ அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன்.

மாமா கலியாண வீட்டுக்குப் போகவில்லை. வயிற்றுக்குத்து என்றாராம். ஊர் உன்னைத் தேடியபோது ரோச் லைற்றோடு அவரும் கூடத் தேடினார். விடிய உன்னை வாய்க்காலில் கண்டதும் அவர்தான். மரண விசாரணைக்கு வந்தவரிடம், "பிள்ளையை ஏன் ஐயா வெட்டுவான், தாய் தாங்காது" என்று கைகூப்பி நின்றதும் அவர்தான். உன் அம்மாவும் வெட்ட வேண்டாம் என்று அழுதார். வந்தவர் இரங்கிவிட்டார். அந்த இரக்கம் மாமாவுக்குத்தான் உதவியது.

உன்னைக் குளிப்பாட்டியபோது என்னைக் கால் கழுவச் சொன்னார்கள். கணுக்காலுக்கு மேலே, நூல் சுற்றிய மாதிரி, கருகின ஒரு கோடு. அடுத்த வீட்டுச் செல்வி அக்காவும் கண்டார். நான் நிமிர்ந்து பார்க்க முதல் உன் பள்ளிக்கூட மேஸை, அந்த வெள்ளைக் காலுறையை, எடுத்து உன் காலில் போட்டு இழுத்துவிட்டார்.

"கண்டதைக் கதைக்காதை பிள்ளை. போனவள் திரும்பி வரப்போறேல்லை. உங்கட அம்மாவும் நீயும் அவரின்ர காணியிலதானே இருக்கிறியள்?"

உன் பாடையில் முன் கொம்பைத் தூக்கியது மாமா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு அன்று உன் படத்துக்கு முன்னால் உனக்குப் பிடித்ததெல்லாம் படைத்தார்கள். ரோல்ஸ், கச்சான் அல்வா, நெக்டோ சோடா. ஆட்களை இருத்தி, இலை போடச் சொல்லி, வீட்டுக்காரர் மாதிரி ஓடித் திரிந்தார் மாமா. நான் போய் அவருடைய தண்ணீர்ப் பம்பு வைக்கிற கொட்டிலில் தேடினேன். உரப்பைகளுக்கு அடியில் கம்பி சுருட்டிக் கிடந்தது. கொண்டுவந்து அல்வாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பந்தலில் எல்லாரும் பார்த்தார்கள். அது என்ன கம்பி என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை, கஜனி. அப்போதுதான் விளங்கியது, ஊருக்கே தெரியும் என்று.

"ஆர் இதை இஞ்ச வைச்சது?" என்றார் மாமா.

"நான்தான்."

"விசரி. எடடி அதை."

"நீங்களே எடுங்கோ மாமா. சுத்தி ஒளிச்சு வைச்சது நீங்கள்தானே."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். உன் அம்மா கம்பியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு பெண்கள் இருந்த பக்கம் திரும்பி, மெல்லமாகத்தான் கேட்டார்:

"என்ர பிள்ளைக்கு மேஸ் போட்டு விட்டது ஆர்?"

செல்வி அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

பொலிஸ் மாமாவைக் கொண்டுபோய் விசாரித்தது. கம்பி கட்டினது உண்மை, பிள்ளை பட்டது தெரியாது என்று சொல்லிவிட்டுப் பிணையில் வந்துவிட்டார். வந்த அன்றே வேலியடியில் என்னைக் கூப்பிட்டார்.

"அது பண்டிக்குக் கட்டினது பிள்ளை. உன்ர சிநேகிதிக்குக் கட்டேல்லை."

"ஓம் மாமா. ஆனா பண்டியை ஒருத்தரும் தூக்கிக்கொண்டுபோய் வாய்க்காலில போடுறேல்லை."

"கொம்மா எங்க போவா எண்டு யோசிச்சியே?"

யோசித்தேன். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். என்னோடு கதைப்பதில்லை. நான் உன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சொல்லாமல் கரண்ட் கொடுத்ததைக் கூட ஒரு நாள் நான் மன்னித்திருப்பேன். ஓடிவந்து, "ஐயோ, பிள்ளை பட்டுட்டுது" என்று கத்தியிருந்தால் போதும். எங்கள் வீடு கூப்பிடு தூரம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவரிடம் மோட்டார் சைக்கிள் நின்றது. அவர் உன்னைத் தூக்கினபோது நீ மூச்சு விட்டாயா? கண் திறந்து மாமா என்றாயா? செத்த பிறகா உன்னைத் தண்ணீரில் விட்டார், அல்லது...? அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

வருகிற கிழமை உன் குழியைத் திறக்கிறார்கள். நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. அன்றைக்கு வெட்ட வேண்டாம் என்று அழுத உன் அம்மாதான் தோண்டச் சொல்லிக் கையெழுத்து வைத்தார். நோகும் என்றால் எங்களைப் பொறுத்துக்கொள். பார்த்தால் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்று டொக்டர் சொல்கிறார்.

தெரியாமல் போனாலும் நான் விடமாட்டேன். கோயில் வீதியில் கேட்பேன். சந்தையில், அவர் ஆட்களோடு நின்று சிரிக்கும்போது பக்கத்தில் போய்க் கேட்பேன். அவருடைய மகளின் கலியாணப் பந்தலில், தாலி கட்ட முதல் கேட்பேன். "மாமா, நீங்கள் தூக்கேக்க அவள் மூச்சு விட்டவளே?" அவ்வளவுதான் கேட்பேன். அடிக்கமாட்டேன், ஏசமாட்டேன். அவர் பதில் சொல்லும் வரைக்கும், அவர் போகிற இடமெல்லாம் போய் அதையே கேட்பேன். இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

உன் அம்மாவுக்கு இப்போது மகளாக இருக்கிற,
உன் சகோதரி
தர்சிகா