முதல் போணிக்கு ஆகாதவர்

அன்பு மகன் கியெட்டுக்கு அம்மா எழுதுவது. ப்ராக் குளிரில் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்கிறாயா? இங்கே உன் அப்பாவுக்கு நெற்றியில் தையல், முன்பல் ஒன்று இல்லை, எனக்கு ஒரு நகம் பிய்ந்துபோயிற்று, மற்றபடி இருவரும் சுகம். பதறாமல் கடைசிவரை படி, ஏனென்றால் இதில் உனக்கும் பங்கு உண்டு.

உன் நூடுல்ஸ் கடைத் திறப்புக்கு, முதல் போணி செய்ய லாம் மாமாவுக்கு விமான டிக்கெட் அனுப்பினாய். பெற்ற அப்பாவுக்கு ஹனோய் சுற்றிப் பார்க்கப் பணம் அனுப்பினாய். என் தம்பி தொட்டதெல்லாம் துலங்குகிறது, உன் அப்பாவின் படகோ இரண்டு முறை கவிழ்ந்தது. அதிலிருந்து நம்மூர் கன்தோ சந்தையில் விடிகாலையில் அவர் தலை தெரிந்தால் ராசியில்லாதவர் என்று கூடையை மூடுகிறார்கள். அதெல்லாம் உனக்குத் தெரியும். உன் டிக்கெட் விஷயம் தெரிந்த அன்று அவருக்குச் சோற்றில் பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை.

நேற்றுதான் ஹனோயில் எங்களுக்குக் கடைசி நாள். பொழுது விடிந்ததும் உனக்குக் குளிர்ச்சட்டை வாங்கி மாமாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று என்னைப் பழைய கடைத்தெருவுக்கு இழுத்துப்போனார். ஷட்டர் அப்போதுதான் பாதி ஏறியிருந்தது. ஒரு சட்டையைப் பேரம் பேசிப் பாதி விலைக்குக் கொண்டுவந்தார், முதல் போணி என்று அந்தக் கடைக்காரியும் இறங்கி வந்தாள். போட்டுப் பார்த்தால் ஜிப் பாதியில் நின்றது. வேண்டாம் என்று வைத்துவிட்டார். வேறொன்றையாவது வாங்குங்கள் என்று நான் கிள்ளினேன், கேட்டால்தானே. நாங்கள் பத்தடி போவதற்குள் அவள் காகிதத்தைக் கொளுத்தி, அவர் நின்ற இடத்தைச் சுற்றி வீசித் தீட்டுக் கழித்தாள்.

"மூதேவிய எல்லாம் வீட்டுலயே கட்டிப்போட மாட்டாங்களா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

பேசாமல் நடந்திருக்கலாம். உன் அப்பா திரும்பிப்போய் எரிகிற காகிதத்தைக் கையாலேயே பிடுங்கி, அவள் கடை வாசலிலேயே போட்டு மிதித்தார். அவள் துணி மாட்டும் கழியை வீசினாள், கொக்கி நெற்றியைக் கிழித்துக் கண்ணெல்லாம் ரத்தம். நான் அவள் கொண்டையைப் பிடித்து ஷட்டரில் மோதினேன், வெட்கமில்லாமல்தான் எழுதுகிறேன். அவள் புருஷன் இரும்புக் கம்பியோடு ஓடிவந்து இவர் வாயில் அடித்தான். இவர் பல்லைத் துப்பிவிட்டு, அந்தக் கம்பியையே பறித்து அவன் தோளில் போட்டார். கரும்பு ஒடிவதுபோல் சத்தம் கேட்டது. அவன் விழுந்த பிறகும் ஓங்கினார், கியெட். நான் காலைக் கட்டிக்கொள்ளாவிட்டால் கொன்றிருப்பார். முப்பது வருஷம் கோழியைக்கூட என்னையே அறுக்கச் சொன்ன மனிதர். போலீஸ் வந்தால் இரண்டு பக்கமும் உள்ளே போகும் என்று கடைக்காரர்களே எங்களை விலக்கிவிட்டார்கள்.

தையல் போட்டதும் ரயிலடிக்குப் போய்விடலாம் என்றேன். கடைசி நாளாச்சே, பையன் காசு வீணாகக் கூடாது என்றார். கட்டோடு ஏரியைச் சுற்றினோம், படம் எடுக்கிற பெண்கள் விலகி நின்றார்கள். கரியில் வாட்டிய பன்றிக்கறியை ஒரு பக்கமாகவே மென்றார், தட்டில் ரத்தம் சொட்டியது. இவ்வளவு ருசி கன்தோவில் கிடையாது என்று எனக்காகச் சொன்னார். சாயங்காலம் என் பேச்சை மீறி அதே கடைத்தெருவுக்குப் போனார். கடை பூட்டியிருந்தது. கடைக்காரன் தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இன்று ஒரு போணிகூட இல்லை என்று, காலையில் அங்கே இல்லாத பக்கத்துக் கடைக்காரர் எங்களை அடையாளம் தெரியாமலே சொன்னார். உன் அப்பா பூட்டையே பார்த்தபடி நின்றார்.

"அவ சொன்னது பலிச்சிருச்சு பாத்தியா. பையன் செஞ்சதுதான் சரி. லாமே போகட்டும்."

"உங்க ராசியா மூடுச்சு? நீங்க அடிச்ச அடியில மூடியிருக்கு" என்றேன். அது காதில் ஏறவில்லை.

இதை ரயிலில் எழுதுகிறேன். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். தேநீர் வண்டி வரும்போதெல்லாம் வேறு யாராவது முதலில் வாங்கட்டும் என்று, வாய் உலர்ந்தபடி காத்திருக்கிறார்.

ஆகவே கேள். லாம் மாமாவுக்கு இன்று முதல் வயிற்றுவலி. நான் போனில் சொன்னேன், அவனும் சரி அக்கா, வலிக்கிறது என்றுவிட்டான். முதல் போணிக்கு நீ அப்பாவைக் கூப்பிடு. நான் சொல்லி அல்ல, நீயாகக் கூப்பிட்டதாக இருக்க வேண்டும். கூப்பிடாவிட்டால், திறப்பு நாளன்று விடிகாலையில் உன் கடையில் முதல் ஆளாக நான் வந்து நிற்பேன். எல்லாப் பாத்திரத்தையும் தொட்டு, எல்லாவற்றுக்கும் விலை கேட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வெளியே போவேன். காகிதமும் தீப்பெட்டியும் தயாராக வைத்துக்கொள், உன் அம்மா முதுகுக்குப் பின்னால் நீயே கொளுத்து.

கழுத்துத் துணி கட்டாமல் வெளியே போகாதே. வேளைக்குச் சாப்பிடு. கடையும் நீயும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கும்பிடுகிறேன்.

உன் அம்மா,
லொவான்