காதர் குடித்த தண்ணீர்

2004 அக்டோபர், வியாழன் இரவு

பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் கஞ்சாப் பொட்டலம் கிடைத்ததும், பையன்களுக்குச் சிறுநீர்ச் சோதனை வேண்டுமென்று ஹெட்மாஸ்டரிடம் அடம்பிடித்தவன் நான்தான். அது தவறென்று இன்னும் தோன்றவில்லை.

இன்று மாலை பிளஸ் டூ காதர் மட்டும் காலி டப்பாவோடு நின்றான்.

"வரல சார். நோன்பு வச்சிருக்கேன். ஆறு மணிக்குத் தொறந்துட்டுத் தாரேன்."

லேப்காரர் ஐந்து மணிக்குக் கிளம்ப அவசரப்பட்டார்.

"டெஸ்ட்டுன்னதும் ஒனக்கு நோன்பு வந்துருச்சோ?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

காதர் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தான். கொஞ்ச நேரத்தில் டப்பாவைக் கொடுத்தான். சோதனையில் ஒன்றுமில்லை.

வீடு திரும்பும் வழியில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நோன்பு திறக்கப் பையன்கள் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு காதர் இருக்கிறானா என்று பார்க்கத் தைரியமில்லாமல் வண்டியை வேகமாக ஓட்டினேன்.